பீப்பாய் மேல் உருண்ட துறவி

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே சிலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பிடிக்காத வேலை என்றால் கேட்கவே வேண்டாம்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லாரன்ஸ் என்று ஒரு துறவி. இளமையில் படைவீரர், போரில் அடிபட்டுக் கால் ஊனமானது. பிறகு ஒரு வீட்டில் பணியாள். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடுகிற ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். 1640-இல் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அமைதியாக ஜெபம் செய்யலாம் என்று வந்தவருக்குக் கிடைத்தது அடுப்படி! சமையல் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் 15 வருஷம் பார்த்தார்.

எப்படி? வேலையைத் தொடங்கும்போது கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுவார். முட்டையை வாணலியில் திருப்பிப் போடும்போதும் அதே பேச்சுதான். தப்பு நடந்தால், 'நீர் என்னை விட்டுவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன்' என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நாம் என்றால் அந்தத் தப்பையே ராத்திரி வரை மென்றுகொண்டிருப்போம்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க அவரைப் பர்கண்டி பகுதிக்கு அனுப்பினார்கள். வியாபாரமும் தெரியாது, சரியாக நடக்கவும் வராது. படகில் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தார். இது உம்முடைய காரியம் என்று கடவுளிடம் சொல்லிவிட்டதால் பதறவே இல்லை. கொள்முதலும் நல்லபடியாக முடிந்தது.

பிற்காலத்தில் அவரைச் செருப்பு தைக்கப் போட்டார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்ததாம்.