கணக்கும் காப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"பொறியியல் பயின்ற என் மகன் நிதி நிறுவனத்தில் கணக்கு வேலைக்குச் செல்ல விழைகிறான். படித்த படிப்பு வீணாகாதா?" என்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் வினவினார். பாலம் கட்டும் கலை பயின்று, இம்மும்பை மாநகரில் அதே வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். ஆதலின் விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

படிப்பு வீணாவதில்லை. ஒரு முனையில் காய்ச்சிய இரும்புக் கம்பியில் வெப்பம் பரவும் முறையைக் கூறும் சமன்பாட்டைப் பொறியியல் மாணவர் அறிவர். அவ்வகைச் சமன்பாட்டால் பங்கு விலைகளின் போக்கை ஆராயலாம் என்று 1900-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் லூயி பஷெலியே என்பார் காட்டினார். குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம் 'ஆப்ஷன்' எனப்படும். அதற்கு விலை காணும் வழியை 1973-இல் பிளாக், ஷோல்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். அதன் அடியில் இருப்பதும் அந்த வெப்பச் சமன்பாடே. அவ்வாய்வை வளர்த்த மெர்ட்டன் முதலில் பயின்றது பொறியியற் கணிதம்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் போடும் கணக்கை இரும்பு அறியாது, சந்தை அறியும். அனைவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே வாயிலை நோக்கி ஓடினால், அவ்வோட்டமே கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் பங்காளிகளாயிருந்த லாங் டேர்ம் காபிடல் மானேஜ்மெண்ட் நிறுவனம், தன் முதலைப்போல் இருபது மடங்குக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. மறு ஆண்டே அது சரிந்தது. 14 நிதி நிறுவனங்கள் கூடி, ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டுத் தாங்க வேண்டியதாயிற்று.

எனக்கும் அப்பாடம் கிட்டியது. 2020 மார்ச்சு 23-ஆம் நாள் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 விழுக்காடு வீழ்ந்தது. என் கணக்கின்படி, ஓர் ஆயுளில் வரலாகாத வீழ்ச்சி அது! அன்று எங்களைக் காத்தது சூத்திரமன்று. "வரும் பாரத்தைக் காட்டிலும் மிகுந்த பாரம் தாங்குமாறு கட்டு" என்று பாலம் கட்டப் பயின்ற நாளில் பெற்ற பழக்கமே காத்தது. கடனைக் குறைத்தும் கையிருப்பை மிகுத்தும் வைத்திருந்தோம்.

இளைஞர்களே! நிகழ்தகவையும் கணிப்பொறியையும் செவ்வனே கற்று இத்துறைக்கு வாருங்கள். வரும்போது அப்பழக்கத்தைக் கல்லூரி வாயிலில் விட்டு வாராதீர்கள். பாலம் இடிந்தால் ஆற்றின்மீது பழி போடுவது பொறியாளருக்கு அழகன்று; கணக்குப் பிழைத்தால் சந்தையின்மீது பழி போடுவதும் அத்தகையதே. நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஏதோ ஒரு குடும்பத்தின் முதுமைக்காலச் சேமிப்பு நிற்கிறது.

அன்பருக்கு என் விடை இதுவே: மகனை அனுப்புங்கள், பொறியாளனாகவே அனுப்புங்கள்.