காந்தளைக் கண்டு பாடுவோம்



குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். மகளிர் விரலுக்கு அதனை உவமையாக்கி நாமும் எழுதி வருகிறோம். நம்முள் எத்தனை பேர் அதனைக் கொடியில் கண்டிருக்கிறோம்? என் முதல் தொகுப்பில் காந்தளை மரத்தில் பூக்க வைத்தவன் நான். அந்த வெட்கத்தோடுதான் பேசுகிறேன்.

அடையாளம் எளிது. இலைநுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு புதரைப் பற்றும். அலைவிளிம்புடைய ஆறு இதழ்கள் மேல்நோக்கி வளையும். பசுமஞ்சளாய் விரிந்து, நாளடைவில் தீயெனச் சிவக்கும். மண்ணுள் இருப்பது கலப்பை போன்ற கவைக்கிழங்கு. அதனாலேயே கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். உழவர் கண்வலிக்கிழங்கு என்பர்.

வளர்க்க விரும்புவோர், முளைநுனி ஒடியாத கிழங்கை ஆடி, ஆவணியில் நீர் தேங்காத மண்ணில் நட்டு, படர்வதற்குக் காய்ந்த கிளைகளை ஊன்றுக. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்.

ஒன்று மறவற்க. கொடி முழுதும் நஞ்சு. கிழங்கிலுள்ள கோல்சிசின் உயிரைக் குடிக்கும். உண்ணும் கிழங்கென மயங்கி மாண்டோர் உளர். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இக்கொடி வேண்டா.

அழகை மட்டும் பாடுவது பாதி உண்மை. வரும் கார்த்திகைக்குள் ஒரு காந்தளையேனும் நேரிற் கண்டு, பின்னர் எழுதுவோம்.