படிக்கலாமா, கூடாதா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பிள்ளைகள் பலர் நூல்களைப் பரிசாக வாங்கப் போகிறார்கள். ஆகவே நூல்களைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நல்ல நூலைப் படி என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால், ஊரே திட்டுகிற ஒரு நூல் கையில் கிடைத்தால் என்ன செய்வது? படிப்பதா, தூக்கி எறிவதா?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'இண்டர்லோக்' என்ற மலாய் நாவலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதியவர் அப்துல்லா ஹுசேன். நாடு சுதந்திரம் பெற்ற 10ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1967இல் நடந்த போட்டிக்கு எழுதப்பட்டு, 1971இல் நூலாக வந்தது. ஆசிரியர் 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர், 2014இல் காலமானார். செமான், சிங் ஹுவாட், மணியம் என்ற மூவரின் குடும்பங்கள் இந்த மண்ணில் எப்படிப் பின்னிப் பிணைந்தன என்பதுதான் கதை.

நாற்பது ஆண்டுகள் யாரும் சண்டை போடவில்லை. 2011இல் சில மாநிலங்களில் படிவம் 5 மாணவர்களுக்கு இலக்கியப் பாடநூலாக வந்ததும் பிரச்சினை வெடித்தது. மணியத்தோடு கப்பலில் வந்த நூற்றுக்கணக்கான பேரும் ஒரே சாதிக்காரர்கள் என்று சொல்லி, அந்தச் சாதியின் பெயரைக் கதை எழுதியிருந்தது. நம்மவர்கள் கொதித்தார்கள். ஊர்வலம், அறிக்கை, திருத்தக் குழு என்று ஓராண்டு ஓடியது. கடைசியில் 2011 டிசம்பரில் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததும் அதே எழுத்தாளரின் வேறொரு நாவல்தான்!

இப்போது சூடு ஆறிவிட்டது. நிதானமாகப் பேசலாம். இப்படிப்பட்ட நூலை எடை போட நான்கு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வி: குறை சொல்பவர் முழுக்கப் படித்தாரா? அன்று கோபப்பட்டவர்களிலும், நூலுக்காக வாதாடியவர்களிலும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் நிறைய பேர். பால் மரத்தில் ஒரு வெட்டைப் பார்த்து மரம் முழுவதையும் தீர்மானிக்க முடியுமா? அந்த நாவலில் செமானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தகப்பன் இறந்த பிறகுதான் நிலம் கடனில் போன கதை தெரிகிறது. சிங் ஹுவாட்டுக்குப் பணமே குறி. ஆக, குறை நம்மவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. இது முழுக்கப் படித்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி: அந்தச் சொல்லை யார் சொல்கிறார்? கதையில் ஒரு கெட்டவன் கெட்ட வார்த்தை பேசினால், அது அவன் குணத்தைக் காட்டும். கதை சொல்பவரே அதைச் செய்தியாகச் சொன்னால் அது உண்மையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இங்கே சொல்பவர் கதை சொல்பவரேதான். அது சரித்திரத்துக்கு ஒத்து வரவில்லை. கங்காணி மூலம் இங்கே வந்தவர்கள் பல சாதியினர். தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் வந்தார்கள். இந்தத் தவற்றை எந்தப் பேராசிரியரையும் விட நம்ம லயத்துப் பாட்டிமார்களே எளிதாகப் பிடித்திருப்பார்கள்! நல்ல எண்ணத்தோடு எழுதினார் என்பதை ஏற்கலாம். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் பிழை சரியாகிவிடாது.

இன்னொன்றும் நாம் மறக்கக் கூடாது. அந்தச் சொல் பறை அடித்தவர்களின் பெயரிலிருந்து போனது. நம் சமூகத்தில் நாமே சிலரைத் தள்ளி வைத்ததால்தான் அது வெளியார் வாயில் வசைச் சொல்லாக மாறியது. புத்தகத்தின் மேல் கோபப்படுகிற நாம், கல்யாணப் பேச்சில் சாதி கேட்பதை விட்டோமா? அதையும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி: நூல் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? கிண்டல் நூல்களுக்கு இது முக்கியம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1945இல் 'விலங்குப் பண்ணை' என்ற சிறிய நாவலை வெளியிட்டார். முதலாளியை விரட்டிவிட்டு மிருகங்களே பண்ணையை நடத்துகின்றன. பிறகு பன்றிகள் முதலாளி ஆகிவிடுகின்றன. ஸ்டாலினின் ஆட்சியைக் குத்திக் காட்டியதால் அதை அச்சிடவே பல பதிப்பாளர்கள் மறுத்தார்கள். ஆனால் அந்த நூல் உழைத்து ஓய்ந்த குதிரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதை ஏமாற்றிய பன்றிகளைப் பார்த்தே சிரிக்கிறது. மேலே இருப்பவரைக் கிண்டல் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். கீழே கிடப்பவரைக் கிண்டல் செய்ய என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டியதில்லை.

நான்காவது கேள்வி: நூல் யார் கையில், எந்த இடத்தில்? நூலகத்தில் இருக்கிற நூலைப் பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். பாடநூலை மூட முடியாது; சோதனை எழுதியாக வேண்டும். பல இனப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, தன் பாட்டனைப் பற்றிய அந்தச் சொல்லை ஒரு 17 வயதுப் பிள்ளை உரக்கப் படிக்க வேண்டி வந்தால், அதன் முகம் என்ன ஆகும்? மறுநாள் திடலில் அதே சொல் அதன் மேல் வீசப்படாதா?

ஆகவே என் தீர்ப்பு இது. 'இண்டர்லோக்' கட்டாயப் பாடநூலாக இருக்கத் தகுந்ததல்ல, எடுத்தது சரி. ஆனால் பெரியவர்கள் படிக்கத் தகுந்த நூல்தான். மற்றவர் நம்மை எப்படிப் பார்த்தார் என்பது அதில் தெரியும். எங்கே தவறாகப் பார்த்தார் என்பதும் தெரியும். எரித்துவிட்டால் இரண்டுமே தெரியாமல் போய்விடும்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு நூலோடு வந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் என்னப்பா எழுதியிருக்கு, படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெரட்டுக்களத்தில் நின்றதும், மழையில் மரம் வெட்டப் போனதும் உங்களுக்குத் தெரியும். புத்தகம் சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்ல அந்த அனுபவம் போதும்.

மாணவச் செல்வங்களே, தவறாக எழுதிய நூலுக்குச் சரியான பதில், சரியாக எழுதிய இன்னொரு நூல்தான். நம் தோட்டத்துக் கதையை நாமே எழுதினால் மற்றவர் எழுதியதைப் பார்த்து அழ வேண்டியதில்லை. அதை எழுதப் போகும் கை, இன்று பரிசு வாங்கும் கைகளில் ஒன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.