இரத்தம் விடுத்த ஓலை



மலேசியாவின் பாகான் செராயைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில், காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியில் புறங்கை வைத்தும் நாக்கை நீட்டச் சொல்லியும் நோயின் கதியை அறிந்த டிரஸர் என்னும் மருத்துவ உதவியாளர்களின் காலம் மறைந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட மனிதரின் நிலை, அவர் இரத்தத்தில் அளந்த ஓர் எண்ணாகத் தொலைபேசி வழியே வீடு வந்து சேரும் காலத்தைக் கொரோனா நமக்குக் காட்டிற்று. உறவினர் உள்ளே நுழைய இயலாதிருந்த அந்நாட்களில், ‘சி.ஆர்.பி. ஏறிவிட்டதாம்’ என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டு ஒரு லயத்து வீட்டில் அழுகுரல் எழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அதை எமன் விடுத்த ஓலையென்றே அவர்கள் எண்ணினார்கள். தேகம் தன் வைத்தியருக்கு விடுத்த ஓலை அது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்னும் இரத்தப் புரதம் நேற்று முளைத்த சங்கதியன்று. 1930-ஆம் ஆண்டில், நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா கண்டவர்களின் இரத்த நீரை அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்த ஒரு பொருளோடு சேர்த்தபோது அது கலங்கிப் படிவதையும், நோயாளி குணமடைந்ததும் அவ்வியல்பு மறைந்துவிடுவதையும் கண்டார்கள். அக்கலக்கத்திற்குக் காரணம் இப்புரதமே. உடம்பில் எங்கேனும் அழற்சி மூண்டால் கல்லீரல் இப்புரதத்தை ஏராளமாகச் சுரக்கிறது. மூலகாரணம் அடங்கிச் சுரப்பும் நின்றுவிட்டால், சுமார் 19 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே ஒருநாள் எண்ணைக் காட்டிலும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

இரத்தக்கட்டி கரையும்போது உதிரும் துணுக்கான டி-டைமர், கொரோனாவின் அபாயத்தைக் காட்டும் இன்னொரு குறி. சீனாவின் வூகானில் இரு மருத்துவமனைகளில் 191 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியான கட்டுரை, அவர்களுள் மாண்ட 54 பேரையும் பிழைத்தவரையும் ஒப்பிட்டு, சேர்ந்த அன்றே டி-டைமர் மிகுந்திருந்தவர்க்கு அபாயம் பன்மடங்கு என்றது.

நம் நாட்டில், தொற்று உறுதியான எல்லாரையும் மருத்துவமனையில் சேர்த்த கொரோனாவின் முதல் மாதங்களில், 5,889 நோயாளிகளின் விவரங்களை மலேசிய மருத்துவர்கள் தொகுத்தார்கள். மிகப் பெரும்பாலோர்க்கு நோய் இலேசாகவே இருந்தது. கடுமையாய்ப் பற்றியவரிடம் முதிர்ந்த வயது, சிறுநீரகப் பழுது, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு உயர்ந்த சி.ஆர்.பி.யும் தென்பட்டது. நீரிழிவு மலிந்து, அதனாலேயே சிறுநீரகம் கெட்டு நிற்போர் மிகுந்த நம்மவர் இதைக் கவலையோடு கேட்கவேண்டும்.

ஆயினும் இந்த எண் ஒன்றே முடிவைத் தீர்ப்பதில்லை. கொரோனா நோயாளிகளுக்கெனப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் வகுத்த மரண அபாயக் கணக்கில் எட்டு அம்சங்களுள் இரண்டு மட்டுமே, யூரியாவும் சி.ஆர்.பி.யும், இரத்தப் பரிசோதனையில் பிறப்பவை. வயது, சுவாசம், பிராணவாயு, பிரக்ஞை முதலியன மற்றவை. அக்கணக்கில் உச்ச அபாயம் எனப்பட்டவரிலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் உயிர் பிழைத்தார்கள். இதனினும் மேலாக, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து பிராணவாயுவும் குறைந்தவர்க்கே டோசிலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையில், நூற்றுக்கு 35 ஆக இருந்த மரணம் 31 ஆகக் குறைந்தது. எந்த எண் கேட்டு நாம் நடுங்கினோமோ, அந்த எண்ணே அவர்களுக்கு மருந்தின் கதவைத் திறந்தது.

நான் சொன்ன அந்த வீட்டிற்கு நான்காம் நாள் மீண்டும் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த அவ்வீட்டுப் பெரியவரின் சி.ஆர்.பி. எண் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இறங்கிவிட்டதென்றால் என்ன பொருள் என்று அறியாமல், அவர்கள் அன்றும் அழுதார்கள்.