வாலிபர்களும் வங்கிக் கணக்கும்



கடனை எழுதி வைக்குமாறு ஏவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கொடுக்கல் வாங்கலில் தெளிவு எத்துணை அவசியமென்பதை அதிலிருந்தே விளங்கலாம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பயிலும் நம் வாலிபர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். "உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, கமிஷன் தருகிறேன்" என எவர் கேட்டாலும், நண்பரே கேட்டாலும், இணங்காதீர்கள். பிறரை ஏமாற்றிப் பறித்த பணம் அக்கணக்கின் வழியே கைமாறும். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்குரியவரையே. அந்தக் கமிஷன் ஹராம் என்பதற்குத் தனி ஃபத்வா தேவையா?

பெரியவர்களே! பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. இவற்றை நம் வாலிபர்களே மஃரிபுக்குப் பின் மதரஸாவில் அமர்ந்து உங்களுக்குக் கற்பிக்கட்டும்.