கல்லூரித் தேர்வும் முதற் சம்பளமும்

(திருமுக்கூடலில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரிலே வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனமொன்று உளது. 11ஆம் நூற்றாண்டில் இங்கு நடந்த கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், 15 படுக்கைகளுள்ள ஆதுலசாலையையும் அது கூறுகின்றது. ஆசிரியர்க்கும் வைத்தியர்க்கும் அளக்கவேண்டிய நெல்லும் காசும் இவ்வளவென வரையறுக்கின்றது. ஆகவே, கற்றவர்க்கு ஊதியம் யாது என்னும் வினா நம்மூருக்குப் புதிதன்று. எந்தப் பொறியியற் கல்லூரியிற் சேர்த்தால் பிள்ளைக்கு நல்ல சம்பளம் கிடைக்கும் என்று இன்று இல்லந்தோறும் கேட்கின்றனர்.

முதற்கண் நம் பிழையொன்றைச் சொல்லிவிடுகின்றோம். நம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன். தகப்பனார் ஒரு காணிக்கும் குறைந்த நிலமுடையவர். கலந்தாய்வில் அவனுக்குப் பழைய கல்லூரியொன்றில் இடம் கிடைத்தது. தகப்பனாரோ வேறொரு கல்லூரியின் மாடமாளிகையையும், அங்கே ஒரு மாணவன் பெற்ற பெருஞ்சம்பளம் பற்றிய விளம்பரத்தையும் கண்டு, நம்மிடம் யோசனை கேட்டார். நாமும் மயங்கி, "சேர்க்கலாம்" என்றோம். நிலம் அடகாயிற்று. பட்டம் பெற்றும் ஓராண்டு அவன் வேலையின்றி இருந்தான். பின்னர் ஓரகடத்தில் வேலை கிடைத்தது. நிலம் இன்னும் மீளவில்லை. அவ்வருத்தமே இப்பொருளை ஆராயுமாறு நம்மைத் தூண்டிற்று.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி போன்றவற்றில் மதிப்பெண் மிக்க மாணவரே சேர்கின்றனர். ஆதலின் நிறுவனங்களும் ஆங்கே முந்திச் செல்கின்றன. அங்ஙனமாயின் சம்பளம் தருவது கல்லூரியா, மாணவன் திறமையா? அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்பார் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒத்த தகுதியுடையோருள் பெருங்கல்லூரியிற் படித்தோரும் பிறவற்றிற் படித்தோரும் பெரும்பாலும் ஒத்த வருவாயே பெற்றனர் என்று கண்டனர். ஆனால் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நற்கல்லூரி வருவாயை உயர்த்திற்று. வழிகாட்டுவார் வீட்டில் இல்லாதபோது, கல்லூரியே அக்குறையை நிரப்புகின்றது போலும்! முதற்றலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைகள் இதனைக் கருதவேண்டும்.

இனி, திரளாக ஆளெடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் தொடக்கநிலை வேலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 இலட்சம் ரூபாயே தருகின்றன. எக்கல்லூரியினின்று வந்தாலும் அவ்வேலைக்கு அதுவே சம்பளம். தேர்வில் மிகுதிறமை காட்டுவோர்க்கு அதே நிறுவனம் கூட்டியும் தருகின்றது. எனவே நிறுவனங்கள் அக்கல்லூரி வாயிலுக்கு வருகின்றனவா என்பதும், வந்தால் நம் பிள்ளை தேறுவானா என்பதுமே வினா.

பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று: உச்சச் சம்பளத்தைக் கேளாதீர்; நடுச்சம்பளத்தைக் கேளுங்கள். வேலை பெற்றோரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவன் பெறுவதே அது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரத்தில், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், நடுச்சம்பளம் எவ்வளவு என்பன காணப்படும். இரண்டு: அரசு தரும் உதவியை அறியுங்கள். முதற்பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இற் சட்டமாயிற்று. மூன்று: மாதம் 25,000 ரூபாய் பெறுவோன் வீட்டுக்கு அனுப்பக்கூடியதை எண்ணிப் பார்த்த பின்னரே கடன் வாங்குங்கள்.

கலந்தாய்வுக்கு முன், சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, பிள்ளைகளோடு அப்பட்டியல்களைப் படித்துப் பார்க்கவேண்டுமென்பது நம் விண்ணப்பம். நாமும் வந்து உடனிருப்போம். இன்னொரு வீட்டு நிலம் நம் சொல்லால் அடகாகாதிருப்பதாக!