அநந்தபுரியின் சிரிப்பு: ஈ. வி. கிருஷ்ணபிள்ளை



பாரிஸ் நகரத்து நாடக மேடையில் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் ‘வோதவில்’ என்றொரு நாடக வகை கொடிகட்டிப் பறந்தது. ஊரறிந்த மெட்டில் இரண்டொரு பாட்டு, ஆள்மாறாட்டம், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் காதலன், காது மந்தமான மாமனார் என்று மூன்று மணி நேரம் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதே அதன் தொழில். ஸ்கிரீப், லபீஷ் ஆகியோர் இவ்வகையில் பெயர் பெற்றவர்கள். அந்நாடகங்களை எழுதியவர்களில் பலர் பகலில் பத்திரிகை எழுதி, இரவில் மேடைக்கு எழுதினார்கள். ‘கேலிக்கூத்து எழுதுபவன்தானே’ என்று பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். ஆயினும் லபீஷை 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அகாதெமி தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இப்படி ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் நகைச்சுவை நாடகமுமாக வாழ்ந்த ஒருவர் நம் திருவனந்தபுரத்திலும் இருந்தார். அவர்தாம் ஈ. வி. கிருஷ்ணபிள்ளை. மலையாளிகளுக்கு ‘ஈ. வி.’ என்ற இரண்டெழுத்தே போதும். இந்நகரிலேயே பல்லாண்டு வாழும் தமிழர்களிலும் அவரைப் படித்தவர்கள் மிகச் சிலரே என்பதால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச விரும்பினேன்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருடைய மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சி. வி. ராமன் பிள்ளை 1858-இல் பிறந்தவர். ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் வரலாற்று நாவலை 1891-இல் வெளியிட்டு அழியாப் புகழ் பெற்றவர். அந்த 1891 ஒரு விசித்திரமான ஆண்டு. அதே ஆண்டில்தான் இதே நகரத்தில், மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். அதே ஆண்டில்தான், திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பெரிய உத்தியோகங்கள் வெளியூராருக்கே போகின்றன என்று முறையிட்டு, 10,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட ‘மலையாளி மெமோரியல்’ மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. அந்த ‘வெளியூரார்’ பெரும்பாலும் யாரென்று நினைக்கிறீர்கள்? தமிழ் நாட்டிலிருந்து வந்த பிராமணர்கள்தாம். அந்த இயக்கத்தின் பின்னால் உழைத்தவர்களில் சி. வி.யும் ஒருவர். ‘மார்த்தாண்டவர்மா’வில் வரும் சுந்தரய்யன் என்ற சூழ்ச்சிக்காரனைப் படிக்கிற தமிழனுக்கு இது நினைவில் இருப்பது நல்லது, கோபம் வராது, விளங்கும்.

நாவலாசிரியரான இதே சி. வி. பிரஹசனங்களும் எழுதினார் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ‘சந்திரமுகீ விலாசம்’ 1880-களில் எழுதியது. ‘குறுப்பில்லாக் களரி’ 1909-இல் வந்தது. ஆசான் இல்லாத சிலம்பக்கூடம் என்பது அதன் பொருள். கேட்பாரற்ற இடத்துக்கு மலையாளத்தில் வழங்கும் பழமொழி அது. பிறகு ‘டாக்டருக்குக் கிட்டிய மிச்சம்’, ‘செறுதேன் கொளம்பஸ்’, ‘பட்லர் பப்பன்’ என்று வரிசையாக வந்தன. டாக்டர், கொளம்பஸ், பட்லர் என்ற தலைப்புகளைப் பார்த்தாலே யாரை நோக்கி அம்பு எய்கிறார் என்று தெரிகிறதல்லவா? இங்கிலீஷ் படித்து, கோட்டு அணிந்து, தாய்மொழியைப் பாதி மறந்துபோன தலைநகரத்து உத்தியோக வர்க்கத்தை நோக்கித்தான். அவரும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவரே. உயர்நீதிமன்றத்தில் வேலை பார்த்து, அரசாங்க அச்சகத்தின் சூப்பிரின்டென்டாக உயர்ந்தவர். ‘மலையாளி’, ‘மிதபாஷி’ போன்ற பத்திரிகைகளோடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவர்.

பிரஹசனம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று எண்ண வேண்டாம். காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ‘மத்தவிலாசம்’ என்னும் பிரஹசனத்தை வடமொழியில் இயற்றினான். காபாலிகன், பௌத்தன், பாசுபதன், பைத்தியக்காரன் எல்லோரும் அதில் வருகிறார்கள். பல்லவ நாட்டில் பிறந்த அந்நாடகத்தைக் காப்பாற்றி வைத்தது எந்த நாடு? கேரளம்தான். இங்குள்ள சாக்கியார்கள் அதைக் கோயிற்கூத்தாக ஆடிவந்தார்கள். இங்குக் கிடைத்த ஏடுகளைக் கொண்டு மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரிகள் 1917-இல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அச்சேற்றினார். கணபதி சாஸ்திரிகளோ திருநெல்வேலிச் சீமைக்காரர். தமிழ் அரசன் எழுதிய சிரிப்பை மலையாளக் கூத்தர் காத்து, மறுபடி ஒரு தமிழர் அச்சிட்ட கதை இது.

ஈ. வி.க்கு வருவோம். அவர் 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் குன்னத்தூரில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் பி. ஏ. பட்டம் பெற்று அரசாங்க வேலையில் சேர்ந்தார். 1919-இல் சி. வி. ராமன் பிள்ளையின் மகள் மகேசுவரி அம்மையை மணந்தார். பின்னர் உத்தியோகத்தை விட்டுச் சட்டம் படித்து வழக்கறிஞரானார். சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். காகிதமும் சிவப்பு நாடாவும், வாதியும் பிரதிவாதியும், தீர்மானமும் திருத்தத் தீர்மானமும் ஆக மூன்று உலகங்களையும் உள்ளிருந்து பார்த்தவர். ஒரு நகைச்சுவை எழுத்தாளனுக்கு இதைவிட வேறு என்ன மூலதனம் வேண்டும்? நம் எஸ். வி. வி.யும் வழக்கறிஞர்தாமே, பம்மல் சம்பந்த முதலியாரும் வழக்கறிஞராயிருந்து நீதிபதியானவர்தாமே! நீதிமன்ற வாசலில் நாள் முழுதும் மனிதர்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக்கொண்டிருப்பவன் ஒன்று துறவியாக வேண்டும், அல்லது நாடகம் எழுத வேண்டும் போலும்.

மாமனார் 1922-இல் காலமானார். ஈ. வி. அவர் விட்ட இரு நூல்களையும் பற்றிக்கொண்டார். ஒன்று வரலாறு, மற்றொன்று சிரிப்பு. ‘சீதாலக்ஷ்மி’, ‘ராஜா கேசவதாசன்’, ‘இரவிக்குட்டிப்பிள்ளை’ ஆகியவை அவருடைய உருக்கமான நாடகங்கள். கடைசியில் சொன்ன நாடகத்தின் நாயகன் நமக்கு அந்நியன் அல்லன். திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மடிந்த அந்த வேணாட்டுத் தளபதியைப் பற்றி நாஞ்சில் நாட்டுத் தமிழில் ஒரு கதைப்பாடலே உண்டு. ஒரே வீரனுக்குத் தமிழில் பாட்டும் மலையாளத்தில் நாடகமும் எழுந்தன.

அவர் பெயர் நிலைத்தது சிரிப்பினால்தான். ‘பிரணயக் கம்மிஷன்’ என்று ஒரு நாடகத்துக்குப் பெயர் வைத்தார். எதற்கெடுத்தாலும் விசாரணைக் கமிஷன் அமைக்கும் சர்க்கார் பழக்கத்தைக் காதலுக்கும் பொருத்தியாயிற்று! ‘கவிதாக் கேஸ்’ என்று கவிதையையே வழக்குமன்றத்துக்கு இழுத்தார். ‘எம். எல். சி. கதைகள்’ என்று தம்மோடு சட்டசபையில் அமர்ந்தவர்களையும் விடவில்லை, தம்மையும் விடவில்லை. ‘பி. ஏ. மாயாவி’ கல்லூரி மாணவர்கள் விரும்பி ஆடிய நாடகம். பட்டத்தையும் மாயாவியையும் ஒரே மூச்சில் சேர்த்த அந்தத் தலைப்பின் குறும்பை எந்த மொழியில் பெயர்க்க?

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மத்திய அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன். சுற்றறிக்கையைப் பெயர்ப்பது எளிது. அதில் யாரும் சிரிப்பதில்லை. ஈ. வி.யின் ஒரு பக்கத்தைத் தமிழாக்க முயன்றால் மூன்றாவது வாக்கியத்தில் பேனா நின்றுவிடுகிறது. பொருள் விளங்காமையால் அன்று. காரணவரிடம் மருமகன் பேசும் பேச்சில் பணிவு எவ்வளவு, பாசாங்கு எவ்வளவு என்பதை மலையாளத்தின் ஒரு விகுதி சொல்லிவிடுகிறது. நமக்கோ அந்தக் காரணவரே இல்லை. நாஞ்சில் நாட்டாருக்கு மட்டும் ஒருவேளை விளங்கலாம். இந்நகரின் மகளிர் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியைக் கிண்டல் செய்து ‘மான்மியம்’ பாடியவராயிற்றே!

ஈ. வி.யின் எல்லாச் சிரிப்பும் ஒரே தரமானது என்று நான் சொல்ல மாட்டேன். ‘பெண்ணரசுநாடு’ பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்து நகையாடுவது. அது எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். 1926-இல் அன்னா சாண்டி சட்டப் பட்டம் பெற்றுவிட்டார். 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப்பாகவும் அமர்ந்தார். அரங்கில் சிரித்த ஆண்களின் சிரிப்பில் கொஞ்சம் அச்சமும் கலந்திருக்க வேண்டும். இன்று படித்தால் அந்த அச்சந்தான் முதலில் கண்ணில் படுகிறது. சிரிப்பு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவருடைய கட்டுரைகளில் இந்தக் குறை மிகக் குறைவு. ‘சிரியும் சிந்தையும்’ என்ற தொகுப்பும், ‘ஜீவித ஸ்மரணகள்’ என்ற தன்வரலாறும் இன்றும் வாடாதவை. பத்திரிகைக்காக எழுதியவை ஆகையால் சொல் சுருக்கமும் வேகமும் தாமே அமைந்துவிட்டன. ‘மலையாளி’ முதலிய பத்திரிகைகளை நடத்திய அனுபவத்தோடு, 1937-இல் கோட்டயத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய மலையாள மனோரமா வாரப்பதிப்பின் முதல் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் திருவிதாங்கூரில் பத்திரிகை நடத்துவது விளையாட்டுக் காரியமன்று. 1910 செப்டம்பரில் ‘சுதேசாபிமானி’யின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தி, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். திவானை நேருக்கு நேர் சாடியதே அவர் செய்த குற்றம். அதற்கு முந்தின ஆண்டில்தான் ‘குறுப்பில்லாக் களரி’ வெளிவந்தது என்பதை மறக்கலாகாது. அரசாங்கச் சம்பளம் வாங்கிய சி. வி.யை யாரும் எல்லை கடத்தவில்லை. கோபமாகச் சொன்னவர் நாடிழந்தார். சிரித்துச் சொன்னவர் பென்ஷன் பெற்றார். ராமகிருஷ்ண பிள்ளையின் வீரம் வேறு, அதற்கு ஈடில்லை. ஆனால் எதேச்சாதிகாரத்தின் கீழே வாழ்கிறவர்களுக்குச் சிரிப்பும் ஒரு பேச்சுரிமையாக இருந்தது. சாக்கியாருக்குக் கூத்தம்பலத்தில் அரசனையே கேலி செய்யும் உரிமை இருந்த நாடல்லவா இது! ஈ. வி. அந்த உரிமையை அச்சுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்.

வாரப்பதிப்பு தொடங்கி ஓராண்டு நிறையுமுன், 1938 மார்ச் 30-ஆம் நாள், நாற்பத்து நான்காவது வயதில் ஈ. வி. காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சி மனோரமா அச்சகத்தைப் பூட்டி முத்திரையிட்டது. அது மீண்டும் திறக்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஈ. வி. உயிரோடிருந்திருந்தால் எதை எழுதியிருப்பார், எப்படி எழுதியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு.

தந்தை இறந்தபோது அவருடைய புதல்வன் பாஸ்கரன் நாயருக்கு வயது பதினொன்று. ‘அடூர் பாஸி’ என்ற பெயரில் மலையாளத் திரையுலகம் முழுவதையும் சிரிக்க வைத்தவர் அந்தப் பிள்ளைதான். சிரிப்பு நடிகராகவே அறியப்பட்ட அவரை ‘செறியாச்சன்டெ குரூர கிருத்தியங்கள்’ என்ற படத்தில் அச்சத்தால் நடுங்கிச் சாகும் ஒரு நிலக்கிழாராக்கிக் காட்டினார் ஜான் ஆப்ரகாம். தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்தவர் அவரேதாம். பாஸி 1990-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் இந்த நகரத்திலேயே காலமானார். மறுநாள் அவருடைய தந்தையின் நினைவு நாள்.